மங்கலான படமும் மீட்டர்காரரின் இடது கண்ணும்

கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும். மீட்டர்காரருக்கு முதலில் இறங்கும். கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். பிறகு ஒரு நொடி எதுவுமே இருக்காது. அந்த நொடியில் அவர் மனைவி கையில் இருக்கிற பாத்திரத்தைக் கீழே வைத்துவிடுவார். அதற்குப் பிறகு வருவதைக் கேட்கத் தெருவில் யாரும் ஜன்னலைத் திறக்க வேண்டியதில்லை, மூடியிருந்தாலும் கேட்கும்.

மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்தே ஓய்வு பெற்றவர். அந்த வேலைக்குக் கால்தான் முக்கியம் என்று ஊர் நினைத்தது. கண்தான் முக்கியம் என்பது அவர் கட்சி. மனிதன் பார்த்துவிடவே கூடாது என்று சத்தியம் செய்துகொண்டுதான் எவனோ மீட்டர்களைச் சுவரில் பதித்திருந்தான்: மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒட்டடைக்கு நடுவில். மற்றவர்கள் டார்ச் கொண்டுபோனார்கள், ஸ்டூல் கேட்டார்கள். இவர் கேட்டுக்கு வெளியே நின்றபடியே எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். குரைக்க வந்த நாய் ஏமாந்து நிற்கும். ஒரு வீட்டுக்காரர் சந்தேகப்பட்டு, நாற்காலி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, ஒன்றும் பேசாமல் காபி கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் காபியை மீட்டர்காரர் வாழ்நாள் முழுவதும் குடித்துக்கொண்டிருந்தார் என்றே சொல்லலாம்.

இப்படிப்பட்ட கண் வாய்த்தவருக்குப் பிறத்தியார் கண்மேல் இரக்கம் இருக்காது. கடைக்காரர், பஸ் டிரைவர், சொந்த மகள் யாராக இருந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "கண்ண எங்க வெச்சிருக்கீங்க?"

சினிமா வேலையில்லாதவர்கள் பார்ப்பது என்பார். ஆனால் ஒரு படத்தை மட்டும், வேலை இருந்த நாளிலேயே, வேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் போய்ப் பார்த்தார். கறுப்பு வெள்ளைப் படம். அதில் ஓர் இடம். போனவன் இனி வரமாட்டான் என்று கதாநாயகியிடம் யாரோ சொல்கிறார்கள். அவள் பேசவில்லை. காமிரா பக்கத்தில் வருகிறது, இன்னும் பக்கத்தில் வருகிறது, திரை முழுக்க அவள் முகம். அப்போது அவள் கண்ணின் கருமணியில் ஒரு ஜன்னல் தெரியும். நான்கு சட்டம் போட்ட சின்ன ஜன்னல். அவள் பார்த்துக்கொண்டிருக்கிற, அவன் வராத, ஜன்னல். அதைக் கண்டுபிடித்தது தான் ஒருவர்தான் என்று மீட்டர்காரருக்கு நிச்சயம்.

கல்யாணமான புதிதில் மனைவியை அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அந்த இடம் வந்ததும் முழங்கையால் இடித்தார்.

"கண்ணப் பாரு, கண்ணப் பாரு. ஜன்னல் தெரியுதா?"

"எங்க?"

"கண்ணுக்குள்ள!"

"கண்ணுக்குள்ள ஜன்னலா? போங்க, அதுக்குள்ள அழ ஆரம்பிச்சுட்டா."

அன்றிலிருந்து அந்த ஜன்னல் அவர்களோடு குடித்தனம் நடத்தியது. அந்த அம்மாளுக்குச் சாவிக்கொத்து கிடைக்காவிட்டால், "ஜன்னலயே பாக்காதவ, சாவியவா பாக்கப்போற" என்பார் இவர். இவர் ஏதாவது உறுதியாகச் சொன்னால், "இல்லாத ஜன்னலப் பாத்தவரு சொல்றாரு, எழுதிக்கோங்க" என்பார் அந்த அம்மாள். அவ்வளவு காலம் ஒரு சண்டையை வாடாமல் வைத்திருக்க இரண்டு பேருக்கும் பொறுமை வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு கண்ணில் புகை மூட்டம் போட்டது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வோல்டேஜ் கம்மி" என்றார். வீட்டு விளக்கெல்லாம் மாறியது. கூடம் கல்யாண மண்டபம் மாதிரி எரிந்தது. அப்போதும் வோல்டேஜ்தான் கம்மி. வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைப் பார்த்து, "யாரு, உள்ள வாங்க" என்றார். பழைய அலுவலகத்துக்குப் போன் போட்டு, தெருவுக்கே சப்ளை சரியில்லை என்று புகார் கொடுத்தார். அங்கே இருந்தவர்கள் இவரைத் தெரிந்தவர்கள். ஆள் அனுப்பிச் சோதித்து, சப்ளை நன்றாக இருக்கிறது என்று பயந்து பயந்து சொன்னார்கள்.

மகள் இழுத்துக்கொண்டு போய்க் கண் டாக்டரிடம் காட்டினாள். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது, பிறகு இடது என்றார் டாக்டரம்மா. "என் கண்ணுல கத்தி வெக்கறதுக்கு எவனும் பொறக்கல" என்றார் இவர். டாக்டரம்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

அவர் மனதை மாற்றியது ஒரு டிவிடி.

மகள் எங்கிருந்தோ தேடி வாங்கிவந்தாள். அந்தப் படமேதான். ஒரே தட்டில் மூன்று படங்கள். அட்டையில் கதாநாயகி, பிறந்ததிலிருந்து இல்லாத வண்ணத்தில் ஜொலித்தாள். "அசல் பிரதியின் துல்லியத்தோடு" என்று கீழே போட்டிருந்தது. மூவரும் உட்கார்ந்தார்கள். படம் ஓடியது. மீட்டர்காரர் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். அந்த இடம் வந்தபோது மூக்கு டிவியில் இடித்தது. ஜன்னல் இருக்கட்டும், கண்ணே இல்லை. முகம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. அதில் மை கொட்டிய மாதிரி இரண்டு கறை.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார் மனைவி.

மீட்டர்காரர் அன்று கத்தவில்லை. காலையில் எழுந்து, "ஆப்பரேஷன் வெச்சுக்கலாம்" என்றார். எதெதற்கோ கண்ணைக் கொடுத்தவர்கள் கதை நமக்குத் தெரியும். பெண்டாட்டியிடம் வாதத்தில் ஜெயிப்பதற்காகக் கொடுத்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வலது கண் நன்றாகவே நடந்தது. கட்டுப் பிரித்ததும் உலகம் பளீரென்று வந்து நின்றது. மின்விசிறி இறக்கையில் அழுக்கு தெரிந்தது. எதிர்வீட்டு மாடியில் காயும் துண்டில் ஓட்டை தெரிந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார்.

"என்ன, இவ்வளவு வயசாயிடுச்சா உனக்கு?"

"கண்ணாடி அந்தப் பக்கம் இருக்கு. போய் அங்கயும் ஒரு பார்வை பாத்துட்டு வந்து பேசுங்க."

போய்ப் பார்த்துவிட்டு வந்து அவர் பேசவில்லை. நேராக டிவிடியைப் போட்டார். அந்த இடம் வந்தது. வெள்ளைத் திட்டு. இரண்டு கறை.

மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எழுத்து அட்டையைக் காட்டினார். மீட்டர்காரர் மேலிருந்து கடைசி வரி வரை படித்தார். அதற்குக் கீழே ஓரத்தில், அட்டையை அச்சடித்த அச்சகத்தின் பெயரையும் படித்தார்.

"ரொம்ப நல்லாருக்கே சார்! இதுக்கு மேல என்ன வேணும்?"

"இது எழுத்து. எழுத்து யாருக்கும் தெரியும். ஜன்னல் தெரியல."

"எந்த ஜன்னல்?"

"கண்ணுல இருக்குமே, அந்த ஜன்னல்."

டாக்டரம்மா கவலையோடு எழுந்து, சின்ன டார்ச்சை எடுத்து, அவர் கண்ணை மேலும் கீழும் பார்த்தார். "உங்க கண்ணுல ஜன்னல் எதுவும் இல்ல சார். லென்ஸ் மட்டும்தான் இருக்கு. அதுவும் சரியா உக்காந்திருக்கு."

மீட்டர்காரருக்குக் குரல் இறங்கியது. "வேல தெரியாத வேலைக்காரங்கிட்ட கண்ணக் குடுத்துட்டேன். இன்னொண்ணத் தரமாட்டேன்."

"இடது கண்ணத் தள்ளிப்போடக் கூடாது சார். புரை முத்திக்கிட்டு வருது. உள்ள அழுத்தம் ஏறிட்டா அப்புறம் ஆப்பரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்லாமப் போயிடும். போற பார்வை திரும்பாது."

"போகட்டும்! என் கண்ணு, நானே வெச்சுத் தொலைச்சுக்கறேன்!"

மீதியை அவர் வெளியே கூடத்தில் நின்று சொன்னார். கண்ணில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வரிசையாகத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். "எந்திரிச்சுப் போங்க எல்லாரும்! இருக்கற கண்ணாவது மிஞ்சும்! நான் பண்ணிக்கிட்டேன், எனக்குத் தெரியல! முன்ன எப்படியோ அப்படியேதான் இருக்கு!" அச்சகத்தின் பெயரைப் படித்தவர் சொல்கிறார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், மறுநாள் ஆப்பரேஷனுக்குப் பெயர் கொடுத்திருந்தவர், பையை எடுத்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி வாசலுக்குப் போனார். இவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவர். மீட்டர்காரர் அதைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், அப்போது அவருக்குத் திருப்தியாகத்தான் இருந்தது; வீட்டுக்கு வந்து மனைவியிடமும் பெருமையாகச் சொன்னார்.

அதன்பிறகு மத்தியானங்களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. டிவிடியைப் போடுவார். இடது கண்ணை மூடிக்கொண்டு வலதால் பார்ப்பார். வலதை மூடிக்கொண்டு இடதால் பார்ப்பார். இரண்டிலும் வெள்ளைத் திட்டு, இரண்டு கறை. "பாத்தியா? ஆப்பரேஷன் பண்ணின கண்ணும் பண்ணாத கண்ணும் ஒண்ணுதான். அப்ப ஆப்பரேஷன் வேஸ்ட்டு." இதில் எங்கே தப்பு என்று மனைவிக்குத் தெரியவில்லை, எங்கேயோ தப்பு என்று மட்டும் தெரிந்தது. மகள் போனில் கெஞ்சினாள், மிரட்டினாள். "இடது கண்ணு போச்சுன்னா?" "வலது இருக்கு." "வலதுதான் தெரியலன்னு சொல்றீங்களே!" "அதுக்குத்தான் ரெண்டு வெச்சிருக்கு." போனை வைத்துவிடுவார். இடது கண்ணில் மூட்டம் கனத்துக்கொண்டே வந்தது. அந்தப் பக்கத்துத் தோளைக் கதவில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார், கதவைத் திட்டினார்.

ஒரு விடுமுறை நாளில் மகள் வந்தபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. அவளும் உட்கார்ந்து பார்த்தாள்.

"அப்பா, எனக்கும் மங்கலாத்தாம்ப்பா தெரியுது."

மீட்டர்காரர் பதறிப்போனார். "உனக்குமா? இந்த வயசிலயா? பரம்பரை வியாதி போலருக்கே! நாளைக்கே போய்க் காட்டு. ஆனா அந்த டாக்டரம்மாகிட்டப் போகாத."

"எனக்குக் கண்ணுக்கு ஒண்ணும் இல்லப்பா. அவளப் பாருங்க, எவ்வளவு குண்டா இருக்கா. படத்தையே பிடிச்சு ரெண்டு பக்கமும் இழுத்து விட்ருக்காங்க."

"துக்கத்துல சிலருக்கு உடம்பு போடும்" என்றார் மீட்டர்காரர். எந்த முடிவையும் எளிதில் கைவிடுகிறவர் இல்லை.

அப்போது சமையலறை வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்கிற மாதிரி, "முகம்தான் தெரியல. கீழ ஓடுதே அந்த விளம்பரம், அது மட்டும் என்னமா பளிச்சுன்னு இருக்கு" என்றார்.

திரையின் அடியில் மஞ்சள் பட்டையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. படம் தொடங்கினதிலிருந்து முடிகிறவரை ஓடும். இது போன்ற அரிய படங்களுக்கு அணுகவும் என்று கம்பெனி விலாசமும் போன் எண்ணும். கதாநாயகி அழும்போது அவள் தாடைக்குக் கீழே ஓடும். மீட்டர்காரர் அதை இத்தனை நாளும் பார்க்கவில்லை. ஜன்னலைத் தேடியவர் தாடையைப் பார்ப்பாரா? இப்போது பார்த்தார். எழுந்தார். பின்னால் நடந்தார். கூடத்தின் கோடிச் சுவரில் முதுகு இடிக்கும் வரை போனார். அங்கே நின்று, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, கேட்டுக்கு வெளியே நின்று மீட்டர் படிக்கிற மாதிரி அந்தப் போன் எண்ணை முழுசாகப் படித்தார். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். மஞ்சளாக ஏதோ ஊர்ந்தது.

"கண்ணு சரியாத்தான் இருக்கு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "எண்ணு தெரியுது. அவ தெரியல."

பாத்திரம் எதுவும் கையில் இல்லாததால் மனைவி துண்டைக் கீழே வைத்தார்.

கம்பெனி என்பது ஒரு டயர் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. ரப்பர் வாடை மாடிவரை கூட ஏறி வந்தது. சுவர் முழுக்க அட்டைகள், எல்லா அட்டையிலும் செத்துப்போன நடிகர்கள் ஆரோக்கியமாகச் சிரித்தார்கள். முதலாளி மிக நல்ல மனிதர், அதுதான் சங்கடம். எழுந்து நாற்காலி போட்டார், டீ சொன்னார், தட்டை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"இது நல்லாப் போற அயிட்டம் சார். என்ன, தட்டு மாட்டிக்குதா?"

"ஒண்ணுமே தெரியல."

"டிவி பழசா?"

"டிவி புதுசு. கண்ணும் புதுசு. படத்துல முகம் தெரியல. எங்கருந்து எடுத்தீங்க இத?"

முதலாளி மறைக்கவில்லை. ஃபிலிம் எங்கே என்று யாருக்கும் தெரியாது சார் என்றார். எப்போதோ டிவியில் போட்டதை யாரோ வீட்டில் டேப்பில் பிடித்து வைத்திருந்தார்கள், அந்த டேப்பிலிருந்து இன்னொரு டேப், அதிலிருந்து இது. ஒரு தட்டில் மூன்று படம் கேட்கிறார்கள், அதனால் நசுக்கித்தான் போட வேண்டும். டிவி எல்லாம் இப்போது அகலம், அதனால் இழுத்துத்தான் போட வேண்டும்.

"அசல் துல்லியம்னு அட்டையில போட்ருக்கே?"

"அது எல்லா அட்டையிலயும் இருக்கும் சார். அட்டை டிசைன் ஒண்ணுதான்."

"ஏன்யா, வாங்கினவன் எவனும் வந்து கேக்கலையா?"

முதலாளி டீயை அவர் பக்கம் நகர்த்தினார். ரகசியம் சொல்கிறவர் போல இல்லை, வானிலை சொல்கிறவர் போலச் சொன்னார். "யாரு சார் கேப்பாங்க? இந்தப் படம் வாங்கறவங்க எல்லாம் வயசானவங்க. தெளிவா இல்லன்னா தங்களுக்குத்தான் கண்ணு போச்சுன்னு நெனச்சுக்குவாங்க. ஒரு புகார் வந்ததில்ல. போன மாசம்கூட ஒரு பெரியவர் போன் பண்ணி, படம் பிரமாதம் தம்பி, என் கண்ணுதான் சரியில்ல, கீழ ஓடற எழுத்த மட்டும் கொஞ்சம் பெருசாப் போடுங்கன்னாரு. அதான் பெருசு பண்ணிட்டோம்."

மீட்டர்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டரைத் திருத்தி ஓட்டுகிறவர்களை அவர் வேலையில் பார்த்திருக்கிறார். பிடித்தால் கெஞ்சுவார்கள், காலில் விழுவார்கள். திருட்டு என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே ஒருவன் கண்ணில்லாதவனாகப் பார்த்து விற்கிறான். வாங்கினவன் தன்னையே நொந்துகொள்கிறான். நடுவில் டீ வேறு.

"என்ன சொன்னீங்க?" என்றார், கிணற்றுக்குள்ளிருந்து.

பிறகு ஒரு நொடி எதுவும் இல்லை.

கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. "கண்ணு போனவன்னு தெரிஞ்சே விக்கிறியா? என் கண்ணுல கத்தி வெச்சாங்கடா உன் படத்தப் பாத்துட்டு! அதுக்கப்புறமும் தெரியலன்னு ஆஸ்பத்திரியில போய் மானத்த வாங்கிட்டு வந்திருக்கேன்! அந்தப் பொண்ணு முகத்த எங்கடா வெச்சிருக்க? படம் எடுத்தவன் ஒரு கண்ணுக்குள்ள ஜன்னல் வெச்சான். நீ தாடைக்குக் கீழ போன் நம்பர் வெச்சிருக்க!"

"சார், கோவப்படாதீங்க. வேற ஒரு தட்டு தரேன், காசு வேணாம். இதே மாதிரி நல்ல படம்."

இதே மாதிரி என்ற வார்த்தை அவரை மாடிப்படிவரை துரத்தியது.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. கூடத்தில் நடந்தபடியே கத்தினார். எத்தனை பேர் இப்படி வீட்டில் உட்கார்ந்து, தப்பு தன் கண்மேல் என்று நினைத்துக்கொண்டு... மனைவி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "அவன் தெளிவா இருக்கற கண்ணப் போச்சுன்னு நெனைக்க வெச்சான். நீங்க போற கண்ண வைத்தியம் பண்ணாதன்னு எழுப்பி விட்டீங்க. அந்தத் தையல்காரம்மா ஆப்பரேஷனுக்குப் போகவே இல்ல" என்றார்.

மீட்டர்காரர் நடையை நிறுத்தினார்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? என் பாவாடை நாடா வெளிப்பக்கமா தெச்சு வந்திருக்கு."

தையல் கடை ஒரு மெஷினும் ஒரு ஸ்டூலும் கொள்ளும் அகலம். அந்த அம்மாள் துணியை முகத்துக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தையலைக் கண்ணால் பார்க்காமல் விரலால் பார்த்துக்கொண்டிருந்தார். தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்த ஒரு பெண் காத்திருந்தாள். மீட்டர்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மா" என்றுதான் ஆரம்பித்தார்.

"நீங்கதானே ஆஸ்பத்திரியில கத்தினது?"

"என்னத் தெரியுதா?"

"முகம் எங்கண்ணே தெரியுது? குரல் தெரியுது."

மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. அதையும் கோபமாகவே கேட்டார். படம், தட்டு, டேப், மஞ்சள் பட்டை எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்னிக்குத் தெரியலன்னு சத்தியமாச் சொன்னீங்க. இன்னிக்குத் தெரியுதுன்னு சத்தியமாச் சொல்றீங்க. எந்தச் சத்தியத்துக்கு நான் கண்ணக் குடுக்கறது?" என்றார். நியாயமான கேள்வி.

மீட்டர்காரர் சுற்றிப் பார்த்தார். பிறகு கடையை விட்டு இறங்கி, தெருவைத் தாண்டி, எதிர்ப்பக்கத்துச் சுவரோரம் போய் நின்றார். கடைக்குள்ளே, கூரைக்குக் கீழே, துணி மூட்டைகளுக்குப் பின்னால் மீட்டர் இருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்க, ஒவ்வோர் எண்ணாகக் கத்தினார்.

"ஏம்மா, அந்த ஸ்டூல்ல ஏறிப் பாரு" என்றார் தையல்காரம்மாள், காத்திருந்த பெண்ணிடம். அவள் மூட்டையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"கடைசி எண்ணு தப்பு... இல்ல இல்ல, இப்பத்தான் மாறுது. சரிதான் அக்கா, எல்லாம் சரி."

மீட்டர்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து, "இப்ப அடுத்த கண்ணு!" என்று வலதைப் பொத்திக்கொண்டார். "கடையே தெரியல! உங்க கடையே இல்ல அங்க!" ஒரு சைக்கிள்காரர் அவரைச் சுற்றிக்கொண்டு போனார், திட்டிக்கொண்டே.

திரும்பி வந்தபோது தையல்காரம்மாள் துணியை மடியில் வைத்துவிட்டிருந்தார்.

"அப்ப அந்த இடது கண்ண நீங்க ஏன் இன்னும் பண்ணிக்கல?"

இவர் மறுபடியும் மீட்டரைப் பார்த்தார்.

"நீங்களே நம்பாம என்ன நம்பச் சொல்றீங்க. உங்க பேரக் குடுங்க முதல்ல. நீங்க வர அன்னிக்கு நானும் வரேன். பக்கத்துலயே உக்காந்துக்கறேன். இந்தத் தடவ கத்தினீங்கன்னா வாயில துணிய வெச்சுத் தெச்சுருவேன்."

டாக்டரம்மா இடது கண்ணைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். புரை பாறையாகியிருந்தது. கஷ்டம்தான், நேரம் எடுக்கும், முன்னைப்போல வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். "வந்தது வரைக்கும் நல்லது. ஜன்னல் கேக்காதீங்க" என்றும் சொன்னார். மீட்டர்காரர் தலையாட்டினார். யாரோ தன்னைத் திட்டும்போது பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

ஆப்பரேஷன் நாளன்று இருவரும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் உயரத்தில் டிவி ஓடியது. இவருக்கு மருந்து விட்ட கண், நன்றாகத் தெரியவில்லை. ஆனால் தெரிந்த வசனம் காதில் விழுந்தது. நிமிர்ந்தார். வலது கண்ணைத் திருப்பினார். வெள்ளைத் திட்டு. இரண்டு கறை. அடியில் மஞ்சள் பட்டை, பெருசு பண்ணின எழுத்தோடு.

எதிர்வரிசையில், அப்போதுதான் கட்டுப் பிரித்து வெளியே வந்திருந்த ஒரு பெரியவர் டிவியை அண்ணாந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மகனிடம் மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று வெட்கப்படுகிறவர் போல, "சரியா வரலடா. சொல்லாத, விடு. என் ராசி அவ்வளவுதான்" என்றார்.

தையல்காரம்மாள் இவர் கையைப் பிடித்தார். பிடித்துப் பிரயோஜனம் இல்லை; குரல் ஏற்கெனவே இறங்கிவிட்டது.

"பெரியவரே! உங்க கண்ணு நல்லாருக்கு! படத்துக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு! யாருய்யா இத இங்க போட்டது? கண்ணாஸ்பத்திரியில போடற படமா இது? அணைங்கய்யா அத!"

நர்ஸ் ஓடிவந்தார். டாக்டரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வயதானவர்கள் விரும்பிப் பார்ப்பார்களே என்று தானேதான் வாங்கிப் போட்டதாக அவர் சொல்ல ஆரம்பித்து, டிவியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, பாதியில் நிறுத்தினார். கட்டுப் பிரித்த பிறகும் தெரியவில்லை என்று இந்தக் கூடத்திலிருந்து தன்னிடம் திரும்பி வந்து அழுதவர்கள் அவர் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்துவிட்டு, "அடுத்தது நீங்க சார், உள்ள வாங்க. வாய மட்டும் வெளியவே விட்டுட்டு வாங்க" என்றார்.

தையல்காரம்மாளுக்கு நன்றாக வந்தது. மனைவியின் பாவாடை நாடா உள்பக்கம் போனது. மீட்டர்காரரின் இடது கண்ணுக்கு முழுசாக வரவில்லை. அழுத்தம் கொஞ்சம் தின்றுவிட்டிருந்தது. ஓரத்தில் ஒரு நிழல் தங்கிவிட்டது. கதவில் தோள் இடிப்பது நின்றது, அவ்வளவுதான். டாக்டரம்மா சீக்கிரம் வந்திருந்தால் என்று ஆரம்பித்தபோது, "தெரியும்" என்றார். தெரியும் என்பதை அவ்வளவு சின்னக் குரலில் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. குரல் இறங்கியதைக் கண்டு டாக்டரம்மா ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

வீட்டில் டிவிடியைப் போட்டார். ஒன்றே முக்கால் கண்ணாலும் பார்த்தார். முன்பு ஜன்னலை மட்டும் தேடியபோது தெரியாத கோளாறெல்லாம் இப்போது தெரிந்தது. முகத்தில் கட்டம் கட்டமாக ஏதோ நகர்ந்தது, கன்னமும் சுவரும் ஒன்றாக ஒட்டியிருந்தன, நெற்றிக்கு மேலே பாதியை வெட்டியிருந்தார்கள். அந்த இடம் வந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவையாக, கதாநாயகியின் கண்ணையே உற்றுப் பார்த்தார்.

"ஜன்னல் இருந்திருக்கலாம்" என்றார் கடைசியில்.

"இருந்துச்சு."

"இருந்திருக்கலாம்னுதான் சொல்றேன். இப்ப யாரு போய்ப் பாக்கறது?"

மீட்டர்காரர் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையின் அடியில் எண் ஓடிவந்தது, ஒவ்வொன்றும் கழுவித் துடைத்த மாதிரி. மனப்பாடமாகத் தெரியும் என்றாலும் பார்த்துப் பார்த்தே சுழற்றினார். மறுமுனையில் முதலாளியின் நல்ல குரல், "வணக்கம், சொல்லுங்க சார்" என்றது.

மனைவி மடியிலிருந்த துண்டை மெதுவாகக் கீழே வைத்தார்.